ஒரு விநாடி பாக்கி

நாலரை நிமிஷ நேரத்தில் உங்களால் என்ன செய்ய முடியும்?

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் வாசலுக்குப் போய்க் கீரைக்காரியிடம் பேரம் பேசித் திரும்பிவிடலாம். பள்ளிக்கூடம் கிளம்பும் பெண்ணுக்கு ஒற்றைப் பின்னல் போட்டு அனுப்பலாம். இரட்டைப் பின்னல் என்றால் நேரம் போதாது. அவ்வளவுதான். நாலரை நிமிஷத்தில் ஒரு தேசத்தின் சாம்பியன் பட்டத்தைச் சம்பாதித்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டால், "இதென்ன வேடிக்கை!" என்று சிரிப்பீர்கள்.

சிரிக்க வேண்டாம். 2008-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் ஒரு பெண்மணி அப்படித்தான் சம்பாதித்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஆறு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆறு நிமிஷமும் தீர்ந்து போயிற்று. கூடவே பட்டமும் போயிற்று. அந்தச் சமயம் ஜெயித்தவரின் கடியாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு விநாடி!

இது சதுரங்கக் கதை. "சதுரங்கமா? கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களே, அதுதானே?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப் போவது அந்தச் சதுரங்கம் அல்ல. கை பதற, நெஞ்சு படபடக்க, காய் எங்கே, கட்டம் எங்கே என்று பார்க்கக்கூட நேரம் இல்லாமல் ஆடும் மின்னல் சதுரங்கம். குதிரை எப்படித் தாண்டும், யானை எப்படி ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கடியாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அந்த இருவரையும் உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன்.

ஒருவர் இரினா கிரஷ். இன்னொருவர் அன்னா ஜடோன்ஸ்கி. இருவரும் ஆடியது அமெரிக்கப் பட்டத்துக்கு. ஆனால் இருவரும் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. அப்போது சோவியத் நாட்டைச் சேர்ந்திருந்த உக்ரேனில். கருங்கடல் ஓரத்து ஒடெஸாவில் 1983-இல் பிறந்தவர் இரினா. அஸோவ் கடல் ஓரத்து மரியுபோலில் 1978-இல் பிறந்தவர் அன்னா. (மரியுபோல் என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். 2022-இல் யுத்தம் அந்த ஊரைச் சின்னாபின்னமாக்கிவிட்டது.) இரண்டும் துறைமுகப் பட்டணங்கள். அங்கே சதுரங்கம் என்பது நம் வீடுகளில் கோலம் போடுவது மாதிரி. குழந்தைக்குக் கை திருந்துவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

இரினாவுக்கு ஐந்து வயதாகும்போது பெற்றோர் அவரை அழைத்துக்கொண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடியேறினார்கள். காய் நகர்த்தக் கற்றதும் அதே ஐந்தாவது வயதில்தான். பதினாலு வயதில், 1998-இல், அமெரிக்கப் பெண்கள் சாம்பியன். பாவாடை சட்டைப் பருவத்தில் இருந்த அந்தப் பெண்ணின் பேர் உலகம் முழுக்கப் பரவியது அதற்கு அடுத்த வருஷம்.

அந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததன் விசித்திரம் அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

1999-இல் உலக சாம்பியன் காஸ்பரோவ் ஒரு பக்கம். எதிர்ப் பக்கம் உலகமே! அதாவது, பல தேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கம்ப்யூட்டர் மூலம் ஓட்டுப் போட்டு, எந்தக் காயை நகர்த்துவது என்று தீர்மானிப்பார்கள். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் அவகாசம். ஜனங்களுக்கு யோசனை சொல்ல நான்கு இளம் ஆட்டக்காரர்களை நியமித்திருந்தார்கள். அவர்களில் இரினா ஒருவர். பத்தாவது நகர்த்தலில், அதுவரை யாரும் ஆடிப் பார்க்காத ஒரு வழியை அவர் சொன்னார். ராணியை எடுத்து அந்தக் கட்டத்தில் வையுங்கள் என்றார். ஜனங்கள் அதற்கே ஓட்டுப் போட்டார்கள். ஆட்டம் சிக்கலுக்கு மேல் சிக்கலாகிவிட்டது. ஜூன் மாதம் தொடங்கியது அக்டோபரில்தான் முடிந்தது. மொத்தம் 62 நகர்த்தல்கள், நான்கு மாதம்! ஜெயித்தது காஸ்பரோவ்தான். ஆனால் அதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த நான்கு மாதமும் இரினா ஒவ்வொரு கட்டத்தையும் துருவித் துருவி ஆராய்ந்து, பக்கம் பக்கமாக யோசனை எழுதினார்.

நிதானத்துக்குப் பேர் போன அந்தப் பெண்ணுக்குத்தான் பின்னால் விநாடிக் கணக்கில் சோதனை வந்தது.

அன்னாவின் கதை வேறு மாதிரி. அவர் பெற்றோரும் சதுரங்கம் ஆடுகிறவர்கள். உக்ரேன் தேசத்து அணியிலேயே ஆடிப் பேர் வாங்கிவிட்டு, அப்புறம்தான் அமெரிக்கா வந்தார். வந்த கொஞ்ச காலத்திலேயே 2004-இல் ஸ்பெயினில் கல்வியா என்ற ஊரில் நடந்த ஒலிம்பியாட் போட்டிக்குப் போன அமெரிக்கப் பெண்கள் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. அதே அணியில் இரினாவும் இருந்தார். ஸூஸன் போல்கார், ஜெனிபர் ஷஹாடே என்ற இருவரோடு சேர்ந்து இவர்கள் வெள்ளிப் பதக்கம் கொண்டு வந்தார்கள்.

ஆக, இருவரும் விரோதிகள் அல்ல. ஒரே அணியில் ஆடி, ஒரே மேடையில் பதக்கம் வாங்கியவர்கள். 2006-இல் அமெரிக்கப் பட்டம் அன்னாவுக்கு. 2007-இல் இரினாவுக்கு. 2008-இல் யாருக்கு?

* * *

ஓக்லஹோமா மாகாணத்தில் டல்ஸா என்று ஒரு பட்டணம். ஒரு காலத்தில் எண்ணெய்க் கிணறுகளால் செழித்த ஊர். அங்கேதான் அந்த வருஷத்துப் போட்டி. ஒன்பது சுற்று. ஒவ்வொரு ஆட்டமும் நிதானமான, பழைய முறை ஆட்டம். ஒன்பதும் முடிந்து கணக்குப் பார்த்தால், இரினாவுக்கு ஏழரை, அன்னாவுக்கும் ஏழரை. மற்றவர்கள் எல்லாம் பின்னால்.

சரி, இரண்டு பேரும் சமம். "பட்டத்தை இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டால் என்ன?" என்றுதான் உங்களுக்கும் எனக்கும் தோன்றும். ஆனால் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு சாம்பியன் வேண்டும். ஆகவே கொஞ்சம் வேகமான ஆட்டம் இரண்டு ஆடச் சொன்னார்கள். அதிலும் சமம். இன்னும் வேகமாக, மின்னல் ஆட்டம் இரண்டு. அதிலும் சமம்!

இனி என்ன செய்வது? இந்த இக்கட்டுக்கென்றே ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு 'ஆர்மகெடான்' என்று பேர். கிறிஸ்தவ வேதத்தில் உலக முடிவில் நடக்கப் போகும் மகா யுத்தத்தின் பேர் அது. பேரைக் கேட்டாலே பயமாக இருக்கிறதல்லவா? விஷயமும் அப்படித்தான். வெள்ளைக் காய் வைத்திருப்பவருக்கு அதிக நேரம் கொடுப்பார்கள். ஆனால் அவர் ஜெயித்தே தீர வேண்டும். கறுப்புக் காய்க்காரருக்கு நேரம் குறைவு. ஆனால் ஆட்டம் சமமாக முடிந்தாலே போதும், அவர் ஜெயித்ததாகக் கணக்கு. 'உனக்குப் பெரிய டம்ளர், எனக்குச் சர்க்கரை அதிகம்' என்று குழந்தைகளைச் சமாதானப்படுத்துவோமே, அந்த மாதிரி ஒரு பங்கீடு. இதில் எந்தப் பங்கு மேல் என்று சதுரங்கம் தெரிந்தவர்களே இன்று வரை தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

டல்ஸாவில் வெள்ளைக் காய் இரினாவுக்கு, ஆறு நிமிஷம். கறுப்புக் காய் அன்னாவுக்கு, நாலரை நிமிஷம்.

இந்தச் சதுரங்கக் கடியாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டிக்குள் இரண்டு கடியாரம். உங்கள் முறை வந்தால் உங்கள் கடியாரம் ஓடும். காயை நகர்த்திவிட்டு மேலே உள்ள பித்தானைத் தட்டினால் உங்களுடையது நின்று, எதிராளியுடையது ஓட ஆரம்பிக்கும். நகர்த்திய அதே கையால்தான் தட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு கையால் நகர்த்தி, இன்னொரு கையைப் பித்தான் மேலேயே தயாராக வைத்திருக்கிற சாமர்த்தியம் செல்லாது. காயைச் சாய்த்துவிட்டால், உங்கள் நேரம் ஓடும்போதே அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். நேரம் தீர்ந்தால் தோல்வி. எதிராளியின் ராஜாவை நீங்கள் மூலையில் நெருக்கிக்கொண்டு போயிருந்தாலும் சரி, கடியாரத்துக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நேரம் தாராளமாக இருக்கும்வரை ஆட்டம் பலகையில் நடக்கிறது. நேரம் சுருங்கச் சுருங்க, ஆட்டம் பலகையை விட்டு மெள்ளக் கடியாரத்துக்குக் குடி போய்விடுகிறது. 'எந்தக் காயை எங்கே வைத்தால் நல்லது' என்ற யோசனை போய், 'எதையாவது எங்கேயாவது வைத்துவிட்டுத் தட்டு' என்ற நிலைமை வந்துவிடுகிறது. கையின் வேகம் மூளையை முந்திக்கொள்கிறது. காய் கட்டத்தின் நடுவிலா நிற்கிறது, கோட்டின் மேலா நிற்கிறது என்று பார்ப்பார் இல்லை. தட்டுகிற தட்டில் மேஜையே ஆடும்.

டல்ஸாவில் ஆட்டம் ஆரம்பமாயிற்று. இரினாவுக்கு ஒன்றரை நிமிஷம் அதிகம் என்றேனே, அந்த லாபம் எங்கே போயிற்று? ஜெயித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதைத் தின்றுவிட்டது. சமம் போதும் என்கிறவர் காப்பாற்றினால் போதும். ஜெயிக்க வேண்டியவர் வழி தேட வேண்டும். தேடுவதற்கு நேரம் செலவாகத்தானே செய்யும்? நகர்த்தல்கள் ஏற ஏற இரண்டு கடியாரங்களும் நெருங்கி வந்தன. கடைசியில் இருவருக்கும் சில விநாடிகள்தான் பாக்கி.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் சதுரங்கம் என்றே தோன்றாது. கல்யாண வீட்டில் நலுங்கின்போது தேங்காய் உருட்டுவார்களே, பிடுங்குவதும் தள்ளுவதுமாக, அது ஞாபகத்துக்கு வரும். கை, கை, கை! டக், டக், டக்! ஒன்பது சுற்று, நான்கு உபரி ஆட்டம், அத்தனை நாளைய மூளை உழைப்பு, எல்லாம் இந்தக் கைகளின் ஓட்டத்தில் வந்து நின்றது.

இரினாவின் கடியாரம் பூஜ்யத்தைத் தொட்டது. அன்னாவுக்கு ஒரு விநாடி பாக்கி.

முடிந்தது. அன்னா சாம்பியன். இரினா கோபமும் துக்கமும் தாங்காமல் எழுந்து போய்விட்டார்.

* * *

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ரசாபாசம் இனிமேல்தான் ஆரம்பம்.

இரினா ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 'படத்தைப் போட்டுப் பாருங்கள். நான் நகர்த்தி முடித்துக் கடியாரத்தைத் தட்டுவதற்குள்ளேயே அன்னா தம்முடைய அடுத்த காயை நகர்த்திவிடுகிறார். அதாவது, என் நேரத்தில் அவர் ஆடியிருக்கிறார். அவருடைய நேரம் செலவாகவே இல்லை. இது நியாயமா?' என்பது அதன் சாரம். அன்னாவும் சும்மா இருக்கவில்லை. அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் பதில் எழுதினார். சதுரங்க உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. படத்தை நிறுத்தி நிறுத்தி, விரல் விரலாகப் பார்த்து வாதாடினார்கள். பட்டத்தை இருவருக்கும் பொதுவாக்கிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஆனால் முடிவு மாறவில்லை. 2008-ஆம் வருஷத்து சாம்பியன் என்ற இடத்தில் அன்னாவின் பேர்தான் இருக்கிறது.

இரண்டு பெண்கள் சண்டை என்றதும், 'குழாயடிச் சண்டை' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடச் சிலருக்கு ஆசை வரும். அந்த ஆசை உள்ளவர்கள் தயவு செய்து அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குப் போய்விடலாம். இது அப்படிப்பட்ட சண்டை அல்ல. சட்டம் ஒன்று, நியாயம் ஒன்று என்று இரண்டும் இரண்டு பக்கம் நின்றால் மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி இதில் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்னா பட்டத்தைத் திருடவில்லை. ஒரு விநாடியை இரண்டாகப் பிளந்து, 'எதிராளி தட்டியாயிற்றா, இனி நாம் கையை எடுக்கலாமா' என்று பார்த்துக்கொண்டிருக்க அந்த நிலைமையில் எந்த மனித ஜன்மத்தாலும் முடியாது. கை தானாக ஓடுகிறது. இரினா சொன்னதும் பொய் அல்ல. தம் நேரம் தம் கண் முன்னாலேயே பறி போவதைக் கண்டு ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'ஆட்சேபம் இருந்தால் அப்போதே கடியாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்' என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். இரண்டு விநாடி பாக்கி இருக்கும்போது சட்டப் புஸ்தகம் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் பாக்கியசாலிகள்!

தவறு இருந்த இடம் வேறு. அந்தக் கடியாரத்தில் போனஸ் விநாடி கிடையாது. அதுதான் விஷயம்.

பாபி பிஷர் என்ற அமெரிக்க மேதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1972-இல் உலக சாம்பியன் ஆனவர். பிற்பாடு உலகத்தோடெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனவர். அந்த மனுஷர் ஓர் அருமையான காரியம் செய்தார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூடுதலாகச் சேரும்படி ஒரு கடியாரத்தைக் கண்டுபிடித்து, 1989-இல் அமெரிக்காவில் அதற்குப் பேடன்ட் வாங்கினார். மாதச் சம்பளம் தீர்ந்தாலும் தினக்கூலி வந்துகொண்டிருக்கிற மாதிரி! நேரம் ஒரேயடியாக வறண்டு போகாது. பலகையில் நல்ல நிலையில் இருப்பவர், கையின் வேகம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் தோற்க வேண்டியதில்லை. நகர்த்தி, தட்டி, மூச்சு விட, இரண்டு விநாடியாவது நிச்சயம் கிடைக்கும்.

2008-இல் இந்த ஏற்பாடு உலகத்துக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒரு தேசத்தின் பட்டத்தைத் தீர்மானித்த அந்தக் கடைசி ஆட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், முடிவு சீக்கிரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் தெரிந்தது. சண்டை மட்டும் சீக்கிரம் ஓயவில்லை.

இப்போது பெண்களுக்கான உலக மின்னல் சதுரங்கப் போட்டியில் ஆளுக்கு மூன்று நிமிஷமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு விநாடியும் கொடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தப் போட்டி நடந்தபோது நம் சென்னைப் பெண் வைஷாலி அதில் வெண்கலப் பதக்கம் வாங்கி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கால் இறுதியில் சீனத்து ஜூ ஜினரை வென்றார். அரை இறுதியில் உலக சாம்பியன் ஜூ வென்ஜுனிடம் தோற்றார். அந்த ஜூ வென்ஜுன் கடைசியில் தம் நாட்டுக்காரரான லெய் டிங்ஜியை மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்துப் பட்டம் வாங்கினார். ஆறு ஆட்டம் ஆடி ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அங்கேயும் கைகள் பறந்தன. அங்கேயும் விநாடிகள் கரைந்தன. ஆனால் கரைந்த இடத்தில் இரண்டிரண்டாக ஊறிக்கொண்டும் இருந்தன. இந்த இரண்டு விநாடி என்ன பெரிசு என்று எண்ணுகிறவர்கள் டல்ஸா படத்தை ஒரு தடவை பார்க்கட்டும்.

* * *

"அதெல்லாம் இருக்கட்டும், அந்த இரண்டு பேரும் அப்புறம் பேசிக்கொண்டார்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் முதலில் தோன்றிய கேள்வி அதுதான்.

வீட்டில் ஓரகத்திகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தனிக் குடித்தனம் போய்விடலாம். இவர்களால் அது முடியவில்லை. அமெரிக்காவில் பெண்கள் சதுரங்கம் என்றால் அந்தக் காலத்தில் இவர்கள் இருவர்தான். 2006 முதல் 2015 வரை பத்து வருஷம், அந்தப் பட்டம் இவர்கள் இருவர் கையை விட்டு வெளியே போகவே இல்லை. 2009-இல் அன்னா ஒன்பது ஆட்டத்தில் எட்டரைப் புள்ளி எடுத்து, உபரி ஆட்டத்துக்கெல்லாம் இடமே வைக்காமல் ஜெயித்தார். போன வருஷத்துப் பட்டத்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால், அதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. 2010-இல் இரினா, 2011-இல் அன்னா. 2012-இல் மறுபடியும் இருவரும் சமமாக வந்து நின்றார்கள்! மறுபடியும் வேக ஆட்டம். இந்தத் தடவை ஜெயித்தவர் இரினா. அதன் பிறகு தொடர்ந்து மூன்று வருஷமும் அவரே. 2013-இல் அவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் கிடைத்தது. 2020-இல் எட்டாவது தடவையாக அமெரிக்க சாம்பியன் ஆனார். முதல் பட்டத்துக்கும் இதற்கும் நடுவே இருபத்திரண்டு வருஷம். அன்னாவின் கணக்கில் நான்கு பட்டங்கள். அவற்றில் ஒன்றுதான் அந்த ஒரு விநாடிப் பட்டம்.

பட்டங்களின் கணக்கு இருக்கட்டும். என் மனசில் நிற்பது அதே 2008-ஆம் வருஷம் நவம்பர் மாதம்.

டல்ஸா நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கடிதங்களின் சூடு ஆறியிருக்குமா என்பதே சந்தேகம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் ஒலிம்பியாட் போட்டி. அமெரிக்கப் பெண்கள் அணியில் ஐந்து பேர். இரினா இல்லாமல் அணி இல்லை. அன்னா இல்லாமலும் அணி இல்லை. போனார்கள். ஒலிம்பியாட்டில் ஓர் அணியின் நான்கு பேரும் வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் பலகை இரினாவுக்கு. இரண்டாவது பலகை அன்னாவுக்கு. நடுவில் திரை கிடையாது, சுவர் கிடையாது. கையை நீட்டினால் இடிக்கிற தூரம். ஒருவர் கடியாரத்தைத் தட்டுவது இன்னொருவர் காதில் விழும்.

பதினோரு சுற்று. ஆட்டத்துக்கு நடுவே எழுந்து நடந்தால் ஒருவர் பலகையை இன்னொருவர் எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். 'அவள் ஜெயிக்கிறாளா, நான் சமத்துக்குச் சம்மதிக்கலாமா' என்று கணக்குப் போடத்தான் வேண்டும். அணி ஆட்டத்தில் பக்கத்துப் பலகையின் வெற்றி நம் வெற்றி. அவர் தோல்வி நம் தோல்வி. மே மாதத்தில் எந்தக் கையின் வேகத்தால் தோற்றோம் என்று இரினா கடிதம் எழுதினாரோ, அந்தக் கை நவம்பரில் அவருக்காகவும் ஆடியது.

ஜார்ஜியாவுக்குத் தங்கம். இருவரும் பிறந்த உக்ரேனுக்கு வெள்ளி. மூன்றாவது இடம், வெண்கலம், அமெரிக்காவுக்கு. இரண்டாவது பலகையில் ஆடியவர்களுள் முதல்வர் என்று அன்னாவுக்குத் தனியாக ஒரு தங்கப் பதக்கமும் கிடைத்தது. டிரெஸ்டன் கடியாரங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்.